அறுபது பாகையில் ஒரு தொப்பி

செத்துப்போன மனிதரின் தொப்பியைக் கழுவ வேண்டுமா, கூடாதா?

மூன்று வருடமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். ஒஸ்லோவில் எனக்குத் தெரிந்த தமிழர்களில் பாதிப் பேர் "கழுவாமல் பின்னை?" என்கிறார்கள். மற்றப் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். என் கணவர் இரண்டு பாதியிலும் இருக்கிறார். எதிரில் இருக்கும் ஆளைப் பார்த்து மாறிக்கொள்வார். நான் கழுவினேன். இயந்திரத்தில் போட்டு, அறுபது பாகைச் சுடுநீரில் கழுவினேன். கழுவியதற்காக இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (சுருங்கியதற்குக் கேட்டேன். அது வேறு.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பு முடித்து, கலியாணம் முடித்து, ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு வந்து ஐந்து வருடம். கணவர் பஸ் ஓட்டுகிறார். மகள் ஆரணிக்கு நாலரை வயது. நான் எதையும் மூன்று தரம் யோசிக்கிறவள். அடுப்பை அணைத்தேனா என்று பாதி மாடி இறங்கிய பிறகு திரும்பி ஏறுவேன். அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு இறங்கி, பார்த்தது சரிதானா என்று இன்னொருமுறை ஏறுவேன். இப்படிப்பட்டவர்கள் பிழையே விடமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரே பிழையை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மிகக் கவனமாகச் செய்வோம்.

2006ஆம் ஆண்டு மாசி மாதம் ஆரணியின் பார்ணஹாகேயில் இருந்து (மழலையர் பள்ளிக்கு இங்கே அதுதான் பெயர்) ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பழைய பொருள் நாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பழைய பொருள் வர வேண்டும். அம்மாவோ அப்பாவோ அதைப் பற்றி ஐந்து நிமிடம் கதைக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்த மிகப் பழைய பொருள் குளிர்சாதனப் பெட்டி. அதற்கு ஐந்து வயது. மற்றதெல்லாம் யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது போய்விட்டது. விமானத்தில் வந்தது இருபது கிலோ. அதிலும் பாதி மிளகாய்த்தூள்.

"புட்டுக்குழலைக் கொண்டுபோமன்," என்றார் கணவர்.

"அது போன வருசம் வாங்கினதப்பா."

"அதுகளுக்கு என்னெண்டு தெரியும்?"

எனக்கு மனம் வரவில்லை. ஆரணி பார்ணஹாகேயில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை ஏற்கெனவே இரண்டு தரம் சொல்லிவிட்டார். வாய் திறக்காத பிள்ளையின் தாய் புட்டுக்குழலோடு போய் நின்றால் என்ன நினைப்பார்கள்? நல்ல ஐரோப்பியப் பழைய பொருளாகக் கொண்டுபோனால்தான் எங்களையும் மதிப்பார்கள் என்று நினைத்தேன். (அப்படி நினைப்பதற்கு ஒரு பட்டம் தேவைப்படுகிறது. படிக்காதவளாயிருந்தால் புட்டு அவித்துக்கொண்டு போயிருப்பேன்.)

அதனால் திங்கட்கிழமை பின்னேரம் இரண்டாம் மாடிக் கதவைத் தட்டினேன்.

அங்கே இருந்தவர் பேரிட். எழுபத்திரண்டு வயது, தனியாள். எங்கள் கட்டடத்தின் நிலவறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை இருக்கிறது. அதில் யார் எத்தனை மணிக்குக் கழுவலாம் என்ற பட்டியலுக்கு அவர்தான் பொறுப்பு. சுவர் முழுக்க அவருடைய அறிவித்தல்கள். "உலர்த்தியின் வடிகட்டியில் உள்ள பஞ்சு உடனடியாக அகற்றப்பட வேண்டும்." "ஞாயிற்றுக்கிழமை கழுவுதல் அனுமதிக்கப்படமாட்டாது." "கம்பளி: முப்பது பாகை." என் நோர்வேஜிய மொழியில் பாதி, இயந்திரம் சுற்றி முடியும்வரை அந்தச் சுவரைப் பார்த்துப் படித்தது. அதனால் நான் வாயைத் திறந்தாலே அறிவித்தல்போல இருக்கும் என்று கணவர் சொல்வார்.

இங்கே எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தாயின் வயதுள்ளவரை "பேரிட்" என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. "அன்ரி" என்றால் அவருக்கு விளங்காது. அதனால் ஐந்து வருடமாக அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்துவந்தேன். ஆனால் ஒன்று: அந்தக் கட்டடத்தில் எனக்குக் கதவைத் திறந்து, உள்ளே கூப்பிட்டு, கோப்பி ஊற்றித் தந்த ஒரே நோர்வேக்காரி அவர்தான். அதை இழக்க நான் தயாராக இல்லை. கதையில் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

விசயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு வட்டப் பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் சாம்பல்நிறக் கம்பளித் தொப்பி. உச்சியில் முன்னிருந்து பின்னாக ஒரே பள்ளம். விளிம்பு சுற்றிவர மேலே சுருண்டு, ஓரத்துக்குப் பட்டுப் பட்டி வைத்துத் தைத்தது. பக்கத்தில் சின்னப் பூமுடிச்சு.

"ஹொம்பூர்க்," என்றார். "என் கணவருடையது. அவருக்கு முன் அவருடைய தகப்பன் போட்டது."

"ஏன் அந்தப் பெயர்?"

"கடைகளில் அப்படித்தான் கேட்பார்கள். எனக்குத் தெரியாது." பிறகு, கோப்பியில் சீனி போடுகிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்: "பஸ் தரிப்பிடத்தில் விழுந்து இறந்தபோதும் இதைத்தான் போட்டிருந்தார். நான்கு வருடமாகிறது."

எனக்குக் கை கூசியது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். நீட்டியதை எப்படி வேண்டாம் என்பது? போதாததற்கு வாசலில் நின்று, "வெள்ளிக்கிழமை நீங்களும் வாங்கோ" என்றேன். எங்கள் ஆட்களிடம் "வாங்கோ" என்பது விடைபெறுவதற்குச் சொல்வது. யாரும் வருவதில்லை. பேரிட் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் எழுதிக்கொண்டார்.

செவ்வாயும் புதனும் நூலகத்தில் கழிந்தன. ஐந்து நிமிடப் பேச்சுக்கு நான்கு பக்கம் குறிப்பெடுத்தேன். ஹொம்பூர்க் என்பது ஜெர்மனியில் ஓர் ஊர். நோய்க்கு நல்லதென்று ஆட்கள் போய்க் குளிக்கிற ஊற்றுகள் உள்ள இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து இளவரசர் ஒருவர் அங்கே குளிக்கப் போனார். அந்த ஊர் ஆண்கள் போட்டிருந்த தொப்பியில் ஆசைப்பட்டு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். இளவரசர் போட்டால் ஊர் சும்மா இருக்குமா? கொஞ்சக் காலத்தில் வங்கி முகாமையாளர்கள், மந்திரிகள், பிரேதம் எடுப்பவர்கள் எல்லோர் தலையிலும் அதுதான். ஊரின் பெயரே தொப்பியின் பெயராகிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பனாமாத் தொப்பி பனாமாவில் செய்யப்படுவதில்லை, எக்குவடோரில் செய்து பனாமா வழியாக விற்றதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பதையும் எழுதிக்கொண்டேன். (பஸ்ஸில் என்னை எத்தனையோ பேர் பாகிஸ்தான்காரி என்று நினைத்திருக்கிறார்கள். பனாமாத் தொப்பியின் கவலை எனக்குத் தெரியும்.)

வியாழக்கிழமை மூன்றரை மணி. தேத்தண்ணி வைத்துவிட்டுத் திரும்பினால், ஆரணி கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் போட்டிருக்கிறாள். தொப்பி மூக்குவரை இறங்கியிருந்தது. பிள்ளையின் வாய் மட்டும் தெரிந்தது, அது சிரித்தது.

திராமனில் இருக்கும் மச்சாளுக்கு, கணவரின் அக்காவுக்கு, போன் எடுத்தேன். சடங்கு, துடக்கு, கண்ணூறு எல்லாவற்றுக்கும் எங்கள் குடும்பத்தில் அவதான் நீதிமன்றம்.

"செத்த ஆளின்ரை தொப்பியோ? பிள்ளையின்ரை தலையிலையோ வைச்சனி?"

"நான் வைக்கேல்லை மச்சாள். அவள்தான் எடுத்துப் போட்டவள்."

"அந்தாள் சாகேக்கை தலையிலை இருந்ததோ?"

"ஓம்."

"உனக்கென்ன விசரோ சுகந்தி? அந்தக் கண்றாவியை ஏன் வீட்டுக்கை எடுத்தனி? முதல் பிள்ளைக்குத் தலையிலை தண்ணி வார். பேந்து தொப்பிக்கு மஞ்சள் தண்ணி தெளிச்சுவிடு."

"எவ்வளவு மச்சாள்?"

"எவ்வளவெண்டு நான் என்னெண்டு சொல்லுறது? கை அறிஞ்ச அளவு."

என் கைக்கு எப்போதுமே அளவு தெரியாது. தெளித்தேன். போதாதோ என்று இன்னொருமுறை தெளித்தேன். சாம்பல் தொப்பியில் மஞ்சள் புள்ளிகள். அது முதலாவது. ஈரத்துணியால் துடைத்தேன், புள்ளிகள் சேர்ந்து ஒரு தேசப்படம் உருவானது. அது இரண்டாவது. அதற்கு மேல் கையால் எதுவும் செய்ய ஏலாது என்று அறிவுபூர்வமாக முடிவெடுத்து நிலவறைக்கு ஓடினேன். நாலரை மணிக்கு ஒருவரும் பேர் எழுதியிருக்கவில்லை. "கம்பளி: முப்பது பாகை" என்ற அறிவித்தலை வாசித்தேன். ஓம், வாசித்தேன். ஆனால் முப்பதில் மஞ்சள் போகாது. மஞ்சளை விடுங்கள், சாவு போகுமா? எங்கள் வீட்டில் செத்தவீட்டு உடுப்பை வெந்நீரில்தான் அலசுவோம். அறுபதில் வைத்தேன். அது மூன்றாவது. ஈரத்தோடு திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்று உலர்த்தியில் போட்டேன். அது நான்காவது.

உலர்த்தியின் கதவைத் திறந்தபோது முதலில் தொப்பியைக் காணவில்லை. கையை விட்டுத் துழாவினேன். கனமாக, கட்டியாக, வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. வெளியே எடுத்தால் ஒரு சின்னத் தோசை மாவுக் கிண்ணத்தின் அளவு. பள்ளமும் இல்லை, பூமுடிச்சும் இல்லை. நிறம் நேற்று வைத்த பருப்புக் கறி. அந்த அவசரத்தில் உலர்த்தியின் வடிகட்டியில் இருந்த பஞ்சை அகற்றாமல் மேலே ஓடிவந்தேன். ஐந்து வருடத்தில் முதல்முறை. அது ஐந்தாவது.

கணவர் வேலை முடிந்து வந்தபோது, பிறஷர் குக்கரின் தலையில் தொப்பியை மாட்டி, முழங்கையால் அமுக்கிப் பெருப்பித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். "எத்தினை விசில்?" என்று கேட்டார்.

நான் அழுததும் காரை எடுத்தார். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஆண்கள் உடுப்புக் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினோம். இளம் விற்பனையாளன் ஒருவன் காது மூடும் குளிர்த் தொப்பிகளைக் காட்டினான். நான் அவனுக்கு இளவரசர், ஊற்று, குளியல் எல்லாம் சொன்னேன். என் நான்கு பக்கக் குறிப்பின் முதலாவது பார்வையாளன் அவன்தான். "நாடகத்துக்கா?" என்று இரக்கத்தோடு கேட்டான். திரும்பி வரும்போது காரில் ஒரு முடிவுக்கு வந்தேன். சிறுவர் அணிந்த ஹொம்பூர்க் என்று சொல்லிவிடுவேன். பார்ணஹாகேயில் யாருக்குத் தெரியப்போகிறது? பேரிட்டுக்கு என்ன சொல்வது என்பதைப் பிறகு யோசிப்பேன். அவர் எங்கே வரப்போகிறார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குப் போனால், சிறுவர்களுக்கான குட்டிக் கதிரையில், முழங்கால் நாடிக்கு வர, கைப்பை மடியில் இருக்க, முன்வரிசையில் பேரிட்.

எனக்கு முன் ஒரு தகப்பன் மரத்தால் செய்த பனிச்சறுக்குப் பலகை காட்டினார். இன்னொரு தாய் வெண்ணெய் கடையும் ஏதோ காட்டினார். பிறகு என் முறை. பையிலிருந்து தொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். பேரிட் அதைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமே அசையவில்லை.

குறிப்பை விரித்து வாசிக்கத் தொடங்கினேன். "அனைவரின் கவனத்திற்கும். இந்தத் தொப்பி ஹொம்பூர்க் என அழைக்கப்படும். இப்பெயர் ஜெர்மனியில் உள்ள ஓர் ஊரின் பெயராகும். அவ்வூரில் குளித்தல் அனுமதிக்கப்பட்டுள்ளது." இளவரசர் வந்தார், குளித்தார், போனார். பெற்றோர் தலையாட்டினார்கள். பேச்சு நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிக்கு வந்தேன். "இது சிறுவர்களுக்காகச் செய்யப்பட்ட ஹொம்பூர்க் ஆகும்."

அப்போது பிள்ளைகள் நடுவிலிருந்து ஒரு குரல் தெளிவான, முழுமையான நோர்வேஜிய மொழியில் சொன்னது:

"இல்லை, அது பேரிட்டின் தொப்பி. அம்மா அதை இயந்திரத்தில் கழுவினா. பிறகு அழுதா."

ஆரணி. பார்ணஹாகேயில் ஒன்றரை வருடமாக வாய் திறக்காத என் பிள்ளை. ஆசிரியை சந்தோசத்தில் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தார். "மூன்று வசனம்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்த இடத்தில் பழைய சுகந்தி என்றால் மன்னிப்புக் கேட்டு, மயங்கி, வேறு மாவட்டத்துக்கு வீடு மாறியிருப்பாள். ஏனோ தெரியவில்லை, எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன களவெடுத்தேனா? குறிப்பை மடித்து வைத்தேன்.

"திருத்தம்," என்றேன். (வேறு மொழி எனக்குத் தெரியாது, சுவரில் இருந்ததுதான் வந்தது.) "இத்தொப்பி நேற்று மாலை நாலரை மணிவரை பெரியவர் ஒருவரின் தொப்பி. அவர் இறக்கும்போது அணிந்திருந்தது. எங்கள் வீட்டில் இறந்தவரின் உடுப்பைக் கழுவாமல் பிள்ளை போட முடியாது. அது அழுக்கென்பதற்காக அல்ல. அவர் போய்விட்டார், பிள்ளை இங்கே இருக்க வேண்டும், அதற்காக. பிள்ளை போட்டாள். நான் கழுவினேன். இந்தத் தொப்பிக்குப் பெயர் வந்ததே ஓர் ஆள் குளிக்கப் போனதால்தான். குளிக்கப் போன ஊரின் பெயரைத் தலையில் வைத்துக்கொள்ளலாம், தொப்பி மட்டும் குளிக்கக் கூடாதா? சுருங்கியதற்கு வருந்துகிறேன். கழுவியதற்கு வருந்தவில்லை."

பேரிட் குட்டிக் கதிரையிலிருந்து எழும்ப இரண்டு தரம் முயன்று, மூன்றாம் தரம் எழும்பினார். கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு சின்னப் பட்டுப் பூமுடிச்சை எடுத்து மேசையில் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"காலையில் உலர்த்தியின் வடிகட்டியில் இருந்தது," என்றார். "மஞ்சள் பஞ்சும்."

அப்படியென்றால் வரும்போதே தெரிந்துதான் வந்திருக்கிறார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்க்க வந்து, அந்தக் குட்டிக் கதிரையில் இருந்திருக்கிறார். எனக்குக் காது சுட்டது.

"கம்பளி முப்பது பாகை. சுவரில் எழுதியிருக்கிறது."

"தொப்பி என்று எழுதியிருக்கவில்லை," என்றேன்.

அவர் யோசித்தார். நியாயமாகத்தான் யோசித்தார். "உண்மை," என்றார். "தொப்பி என்று எழுதியிருக்கவில்லை."

பிறகு தொப்பியை எடுத்து, உச்சியில் கைவிளிம்பால் ஓங்கி ஒரு அடி அடித்துப் பள்ளத்தைத் திரும்ப உண்டாக்கி, ஆரணியின் தலையில் வைத்தார். வார்த்தெடுத்த மாதிரி இருந்தது.

"அளவாயிருக்கு அம்மா," என்றாள் ஆரணி, தமிழில்.

அன்று பின்னேரம் எங்கள் கதவு தட்டப்பட்டது. பேரிட் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி, "மற்ற உடுப்புகளையும் கழுவ வேண்டுமா?" என்று கேட்டார்.

"எந்த உடுப்புகள்?"

"அவருடையவை. அலுமாரியில் அப்படியே இருக்கின்றன. நான் ஒன்றையும் கழுவவில்லை. நான்கு வருடம். ஏன் அலுமாரியைத் திறக்க முடியவில்லை என்று எனக்கே தெரியவில்லை."

"ஓம்," என்றேன். "கழுவ வேண்டும்."

சனிக்கிழமைப் பட்டியலில் பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை அவருடைய பெயரையும் என் பெயரையும் எழுதியிருந்தார். அந்தச் சுவரில் இரண்டு பெயர் ஒன்றாக எழுதப்பட்டது அதுதான் முதல்முறை. பதினான்கு சேட், ஆறு காற்சட்டை, எண்ண முடியாத காலுறை. சேட்டுகள் நாற்பது பாகை, கம்பளி முப்பது. நான் இயந்திரத்தின் மூடியில் மட்டும் மஞ்சள் தண்ணி தெளித்தேன். (நானும் படித்தவள்தான்.)

"எவ்வளவு தெளிக்க வேண்டும்?" என்று கேட்டார்.

"கை அறிந்த அளவு, பேரிட்," என்றேன். பேர் தானாகவே வந்துவிட்டது.

அவர் இடைக்கிடை மூக்கை உறிஞ்சினார். நான் பஞ்சை அகற்றினேன்.

திங்கட்கிழமை சுவரில் புதிய வரி இருந்தது: "தொப்பிகளை இயந்திரத்தில் கழுவுதல் எக்காலத்திலும் அனுமதிக்கப்படமாட்டாது." இன்றும் இருக்கிறது. குடிவரும் ஆட்கள் எல்லோரும் இதை ஏன் எழுதினார்கள் என்று கேட்கிறார்கள், ஆரணி சொல்கிறாள். அவளுக்கு இப்போது எட்டு வயது. இரண்டு மொழியிலும் வாய் ஓய்வதில்லை, முதல் மூன்று வசனத்தில் தாயைக் காட்டிக்கொடுத்த பிள்ளைக்கு வேறென்ன வரும். எங்கள் வீட்டுக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் கணவர் கேட்கிற முதல் கேள்வி, "இதுக்கு எத்தினை விசில்?" குடும்பத்தில் திராமன் மச்சாள் மட்டும் என் பக்கம். "தெளிக்கத்தான் சொன்னனான், அவிக்கச் சொல்லேல்லை. ஆனால் கழுவினது சரி," என்பா. அது போதும் எனக்கு.

இப்போது உங்களிடம் ஒரு விசயம் கேட்க வேண்டும்.

போன கிழமை பேரிட் கோப்பி குடிக்க வந்தார். எழுபத்தைந்து வயது, போன குளிருக்கு இடுப்பில் ஒரு சத்திரசிகிச்சை. கையில் வட்டப் பெட்டி. உள்ளே அவருடைய சொந்தத் தொப்பி. நீலம், கம்பளி, இளவயதில் வாங்கியது. "இது ஆரணிக்கு," என்றார். "இப்போதே தருகிறேன். நான் உயிரோடு இருக்கும்போது தந்தால் நீ கழுவத் தேவையில்லைதானே?"

பெட்டியை வாங்கி மேசையில் வைத்தேன். இப்போது கழுவத் தேவையில்லை, சரி. ஆனால் பிறகு? அவர் போன பிறகும் அது ஆரணியின் அலுமாரியில்தானே இருக்கும். அப்போது அது ஆருடைய தொப்பி? கழுவினால் சுருங்கும். கழுவாவிட்டால் எனக்கு நித்திரை வராது. மச்சாளைக் கேட்டேன், இப்படி ஒரு வழக்கு தன்னிடம் வந்ததில்லை என்று போனை வைத்துவிட்டா. கணவர் குக்கரைப் பார்க்கிறார். பெட்டி மேசையில் இருக்கிறது, பேரிட் பதிலுக்குக் காத்திருக்கிறார், அவசரமில்லை என்று வேறு சொல்கிறார்.

அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். எத்தனை பாகை என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.